தகுதி யாரிடம் இருக்க வேண்டும்?

“இதைப் படிச்சா என்னங்க வேலை கிடைக்கும்?” கொங்கு நாட்டின் எந்தக் கலைக் கல்லூரியிலும் சேர்க்கைக் காலத்தில் கேட்கக்கூடிய வினா இது. மகனையோ மகளையோ வரலாற்றிலோ பொருளியலிலோ சமூகவியலிலோ சமூகப் பணியிலோ சேர்க்க வந்து நிற்கும் தந்தை, விண்ணப்பத்தில் கையொப்பமிடுமுன் ஆசிரியரிடம் தயக்கத்தோடு இதைக் கேட்கிறார். கணினியியலுக்கும் வணிகவியலுக்கும் இவ்வினா பெரிதாக எழுவதில்லை. எழுந்தாலும் விடை ஆயத்தமாக இருக்கிறது. சமூக அறிவியல் துறைகளின் வாசலில் மட்டும் அது ஆண்டுதோறும் வந்து நிற்கிறது.

இவ்வினாவை இழிவாக எண்ணுதல் தகாது. கொங்கு நாடு உழைப்பையே அளவுகோலாகக் கொண்டு வளர்ந்த நிலம். மழை குறைந்த மேட்டு நிலத்தில் ஆழக் கிணறு வெட்டி, கவலை இறைத்துப் பயிர் செய்தவர்களின் மண் இது. 1888இல் கோவையில் முதல் நூற்பாலை எழுந்தது. 1930களில் பைக்காராவின் மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. அவற்றைத் தொடர்ந்து வார்ப்படச் சாலைகளும், மோட்டார், பம்புத் தொழிலும், திருப்பூரில் பின்னலாடைத் தொழிலும் வேர்விட்டன. கையில் ஒரு தொழில் உள்ளவன் பசித்திருக்கமாட்டான் என்பது இங்கே பட்டறிவால் வந்த நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் வளர்ந்த பெற்றோர், மூன்றாண்டுப் படிப்புக்குக் கடன் வாங்குமுன் அதன் பயன் யாது என்று கேட்பது முற்றிலும் நியாயமே.

அவர்களுக்கு நாம் தரும் விடை நியாயமானதுதானா என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது.

கல்லூரிகள் இன்று தரும் விடை ‘வேலைத் தகுதி’ என்பது. ஆங்கிலத்தில் பேசப் பழக்குதல், தன்விவரக் குறிப்பு எழுதுதல், குழு விவாதம், நேர்முகத் தேர்வில் அமரும் முறை, உடை, முகமலர்ச்சி எனப் பல பயிற்சிகள் அளிக்கப்படுகின்றன. தமிழ்நாடு அரசும் 2022 மார்ச் முதல் நாளன்று ‘நான் முதல்வன்’ திட்டத்தைத் தொடங்கி, திறன் பயிற்சிகளைக் கலை, அறிவியல் கல்லூரிகளுக்குள்ளும் கொண்டுவந்தது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய பிள்ளைகளுக்கு இவை உதவுகின்றன என்பதை மறுப்பதற்கில்லை. வசதியான வீட்டுப் பிள்ளைகள் கூடத்தில் விருந்தினரோடு பேசிப் பழகியே கற்றுக்கொள்ளும் சிலவற்றைச் சிற்றூர்ப் பிள்ளைக்கு வகுப்பறை கற்றுத் தருமானால், அதுவும் நீதியின் ஒரு பகுதியே.

எனினும், இப்பயிற்சிகளோடு சேர்த்து, சொல்லாமலே நாம் இன்னொன்றையும் கற்பித்துவிடுகிறோம். வேலை எங்கோ காத்திருக்கிறது. அதை எட்டாதபடி தடுக்கும் குறை உன்னிடமே இருக்கிறது. அக்குறையைத் திருத்திக்கொண்டால் போதும் என்பதே அப்பாடம். இது உண்மையா? உண்மை எனில் எவ்வளவு உண்மை? சமூகத்தை ஆராய்வதையே பாடமாகக் கொண்ட மாணவரிடம் இந்த ஒன்றை மட்டும் ஆராயாமல் ஏற்றுக்கொள்ளச் சொல்வது அறமாகுமா?

ஒரு கேள்வி மாறிய கதை

இங்கிலாந்தில் வேலையற்றோரைச் சோம்பேறிகள், குடியர், நாளையை எண்ணாதவர் என்று பழிக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 1909இல் வில்லியம் பெவரிட்ஜ் என்னும் அறிஞர் வேலையின்மை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். வேலையின்மை தொழில்துறையின் சிக்கல் என்பதைத் தலைப்பிலேயே அறிவித்த நூல் அது. துறைமுகங்களில் நாள்தோறும் கூலிக்கு ஆள் எடுக்கும் முறையை அவர் கூர்ந்து நோக்கினார். கப்பல் வரும் நாளில் ஆள் வேண்டும், வராத நாளில் வேண்டாம் என்னும் ஏற்பாடே ஒரு கூட்டத்தை எப்போதும் வாயிலில் காத்திருக்கச் செய்கிறது என்று கண்டார். அக்கூட்டத்தில் நல்லவர்களும் இருந்தனர், கெட்டவர்களும் இருந்தனர். ஆனால் கூட்டம் அங்கே இருந்ததற்குக் காரணம் அவர்களுடைய குணமன்று; ஆள் எடுக்கும் முறையே. இருபதாண்டுகள் கழித்து, 1929இல் தொடங்கிய பெருமந்தம் கோடிக்கணக்கானோரைத் தெருவில் நிறுத்தியபோது, ஒரே ஆண்டில் இத்தனை பேர் சோம்பேறிகளாயினர் என்று சொல்ல யாராலும் இயலவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கேள்வி மீண்டும் மெல்லத் திரும்பியது. ‘வேலை ஏன் இல்லை?’ என்று நாட்டை நோக்கிக் கேட்ட கேள்வி, ‘நீ ஏன் தகுதியாக இல்லை?’ என்று தனிமனிதரை நோக்கித் திருப்பப்பட்டது. பழைய காலத்தின் ‘சோம்பேறி’ என்னும் வசை இப்போது நாகரிகமாக, ‘திறன் குறைவு’ என்னும் பெயரில் வருகிறது.

இதில் எவ்வளவு உண்மை என்பதை ஓர் எளிய கணக்கால் சோதிக்கலாம். 2022இல் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தொகுதி நான்கு பணிகளில் 7,301 இடங்களை அறிவித்தது. ஏறத்தாழ 22 லட்சம் பேர் விண்ணப்பித்தனர். ஓர் இடத்துக்கு முந்நூறு பேர். பின்னர் இடங்கள் பத்தாயிரத்துக்கு மேல் உயர்த்தப்பட்டன. அப்போதும் ஓர் இடத்துக்கு ஏறத்தாழ இருநூறு பேர். இந்த 22 லட்சம் பேரின் அறிவும் திறனும் ஓரிரவில் இரட்டிப்பானதாகக் கொள்வோம். வேலை பெறுவோரின் எண்ணிக்கை ஒன்றேனும் கூடுமா? கூடாது. தேர்வின் வெட்டு மதிப்பெண் மட்டுமே உயரும். பயிற்சி ஒருவரை வரிசையில் முன்னே நகர்த்தக்கூடும். ஆனால் வரிசையின் நீளத்தை அது குறைப்பதில்லை. முன்னே நகர்பவருக்கு இது பெரும் வேறுபாடுதான். ஆனால் ஒருவர் முன்னே நகர்ந்தால் இன்னொருவர் பின்னே செல்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லுவதே முழு உண்மை.

1976இல் ரொனால்டு டோர் என்னும் சமூகவியலார், பட்ட நோய் என்று பெயரிட்டு இதையே விளக்கினார். பட்டம் பெற்றோர் பெருகப் பெருக, ஒரு காலத்தில் பள்ளிப் படிப்பே போதுமானதாயிருந்த வேலைக்குப் பட்டம் கேட்கப்படுகிறது. பின்னர் மேற்பட்டம் கேட்கப்படுகிறது. வேலையின் தன்மை மாறவில்லை. வாயிற்படியின் உயரம் மாறியிருக்கிறது. பொருளியல் முதலாண்டு மாணவர் இதைப் புரிந்துகொள்ளக் கடினமான தேற்றம் எதுவும் தேவையில்லை. இருந்தும் வேலைவாய்ப்புப் பயிற்சி வகுப்பில் இதை யாரும் அவருக்குச் சொல்வதில்லை.

நம் மண் தரும் சான்று

வெளிநாட்டையும் சென்னையையும் விட்டு நம் ஊருக்கு வருவோம். திருப்பூரின் வளர்ச்சியை ஷரத் சாரி என்னும் ஆய்வாளர் 1990களில் அங்கேயே தங்கி ஆராய்ந்து, 2004இல் ‘ஃபிரெடெர்னல் கேப்பிடல்’ என்னும் நூலாக வெளியிட்டார். உழவுக் குடும்பங்களிலிருந்து வந்து, பனியன் கம்பெனிகளில் தொழிலாளராகத் தொடங்கி, முதலாளிகளான கவுண்டர் சமூகத்தினர் பலரிடம் அவர் பேசினார். உங்கள் உயர்வுக்குக் காரணம் யாது என்ற வினாவுக்கு அவர்கள் தந்த விடை ஒரே சொல்: உழைப்பு. அவர்கள் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே உழைத்தவர்கள். ஆனால் ஆய்வாளரின் வேலை அங்கே முடியவில்லை. அதே பட்டறைகளில் அதே அளவு உழைத்த பெண்கள் ஏன் முதலாளிகளாகவில்லை? தலித் தொழிலாளர் ஏன் ஆகவில்லை? உழைப்பு எல்லோரிடமும் இருந்தது. நிலம், உறவு, சாதி தந்த நம்பகம், கடன் கொடுக்க முன்வந்த கைகள் ஆகியவை எல்லோரிடமும் இருக்கவில்லை. உழைப்பு உயர்வாக மாறுவதற்கு இவையும் வேண்டியிருந்தன. ‘தானே உயர்ந்தவர்’ என்று ஒருவரை நாம் புகழும்போது, அவரைத் தாங்கிய தோள்கள் நம் கண்ணுக்குத் தெரியாமற் போய்விடுகின்றன.

இதைவிடத் தெளிவான சான்று ஒன்றும் உண்டு. கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நேவ் என்னும் இரு ஆய்வாளர்கள் திருப்பூரைச் சுற்றியுள்ள சிற்றூர்கள் இரண்டை ஒப்பிட்டு 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஓர் ஊரின் தலித் மக்கள் திருப்பூர்க் கம்பெனிகளுக்கு வேலைக்குச் சென்றனர். பழைய அடிமைக் கட்டுகள் அங்கே ஓரளவு தளர்ந்திருந்தன. மற்ற ஊரில் விசைத்தறிகள் இருந்தன. அங்கே தலித் தொழிலாளர் தறி முதலாளியிடம் முன்பணம் பெற்று, அக்கடனாலேயே தறியோடு கட்டுண்டிருந்தனர். திருப்பூரின் வேலைகள் அவர்களுக்குத் திறக்கவில்லை. இவ்விரு ஊர்களையும் வேறுபடுத்தியது மக்களின் திறன் அன்று. கடனும், உள்ளூர்த் தொழிலும், சாதி உறவும் அங்கங்கே அமைந்த விதமே. இரண்டாம் ஊரின் இளைஞரிடம் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியை மட்டும் கொண்டுசென்று, ‘தகுதியை வளர்த்துக்கொள்’ என்று சொன்னால், அது அறியாமையாகும். தெரிந்தே சொன்னால் கொடுமையாகும்.

வேலைக்குத் தகுதி என்று எதைக் கருதினார்கள் என்பதையும் காண வேண்டும். நூற்பாலைகள் பலவற்றில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் சிற்றூர்களின் திருமணமாகாத இளம்பெண்கள் சேர்க்கப்பட்டனர். ஆலை விடுதியில் தங்கி மூன்றாண்டு உழைத்தால், முடிவில் திருமணச் செலவுக்கு ஒரு தொகை என்பது ஏற்பாடு. இடையில் விலகியவர் பலர் அத்தொகையை இழந்தனர். வெளியே சென்றுவரவும் கட்டுப்பாடுகள் இருந்தன. இவற்றை நெதர்லாந்தைச் சேர்ந்த இரு அமைப்புகள் 2011இலும் 2014இலும் விரிவான அறிக்கைகளாக வெளியிட்டன. அப்பெண்களிடம் தேடப்பட்ட தகுதிகள் யாவை? இளமை, வறுமை, எதிர்த்துப் பேசாமை. இவற்றையும் ‘தகுதி’ என்று அழைக்கலாமெனில், அச்சொல்லை நாம் உரைத்துப் பார்க்காமல் ஏற்றுக்கொள்ளலாகாது.

2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூரின் சாயப் பட்டறைகளை மூட ஆணையிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் அடைபட்டன. முந்திய நாள்வரை நிறம் பார்த்தே பதம் சொல்லும் தேர்ச்சி பெற்றிருந்த தொழிலாளி மறுநாள் வேலையற்றவரானார். அவருடைய தகுதி ஓரிரவில் எங்கே போயிற்று? அதே வேளையில் நொய்யலின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். பாசனத்துக்காகக் கட்டி 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவு தேங்கும் நீர்நிலையாகிவிட்டது. அதை நம்பிய உழவர்கள் வேளாண்மையை இழந்தனர். ஒருவருடைய வேலை இன்னொருவருடைய வேலையைத் தின்றிருந்தது. நல்ல வேலை எது என்று ஒருவர் தேர்ந்தெடுக்கும்போது, எவ்வளவு சம்பளம் என்ற கேள்வியோடு, அதன் விலையை யார் கொடுக்கிறார் என்ற கேள்வியும் இருந்தே தீர வேண்டும் என்பதற்கு நொய்யலே சாட்சி.

பசித்தவருக்கு ஆராய்ச்சி எதற்கு?

இங்கே ஒரு மறுப்பு எழும். அது வலிமையான மறுப்பு. இவ்வாராய்ச்சியெல்லாம் வயிறு நிறைந்தவர்களுக்குப் பொருந்தும். வட்டிக்கு வாங்கிப் படிக்கவைத்த வீட்டின் பிள்ளைக்கு நேர்முகத் தேர்வில் வெல்லக் கற்றுக்கொடுங்கள், சமூகத்தைக் குறைகூறக் கற்றுக்கொடுக்காதீர்கள் என்பார்கள்.

கோவையின் ஜி.டி. நாயுடு அவர்களை இத்தரப்பின் சான்றாகக் காட்டக்கூடும். முறையான பள்ளிப் படிப்பு மிகக் குறைவாகவே பெற்று, பெரும் தொழில் அறிஞராக விளங்கியவர் அவர். 1945இல் ஆர்தர் ஹோப் பெயரில் அவர் முனைந்து உருவாக்கிய பொறியியல் கல்லூரியே இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி. நான்காண்டுப் படிப்பு வீண். கருவிகளோடு பழக்கினால் பாதிக் காலமே போதும் என்று அவர் வாதிட்டார். அரசு இசையவில்லை, அவர் விலகிக்கொண்டார். ஏழை மாணவரின் காலத்தை வீணாக்காதீர்கள் என்னும் அவருடைய பதைப்பு இன்றும் மதிக்கத்தக்கது. ஆனால் அவர் செய்தது யாது என்று சற்று நின்று நோக்குங்கள். நான்காண்டு என்று வகுத்தது யார்? அதனால் பயனடைவோர் யார்? சான்றிதழ் வேறு, அறிவு வேறு அல்லவா? இவற்றை அவர் துணிந்து கேட்டார். தகுதி என்பதன் அளவுகோலையே கேள்விக்கு உட்படுத்தியவர் அவர். ஆராயாமல் அடங்கிப் போவதற்கு அவரைச் சான்றாகக் காட்டுதல் பொருந்தாது.

பசி உண்மை. ஆகவே திறன் பயிற்சியை நிறுத்திவிட்டு விமரிசனம் மட்டும் கற்பிக்கும் ஆசிரியர், தம் மாத ஊதியத்தின் நிழலில் அமர்ந்துகொண்டு பிறர் பிள்ளையின் சோற்றோடு விளையாடுகிறார் என்றே சொல்ல வேண்டும். ஆனால் பயிற்சி மட்டும் தந்து உண்மையை மறைக்கும் ஆசிரியரும் ஒரு தீங்கு செய்கிறார். அத்தீங்கு உடனே தெரிவதில்லை. வளாகத் தேர்வில் முப்பது பேர் அமர்ந்து மூவர் தேர்வான மாலையில் அது தெரிகிறது. எஞ்சிய இருபத்தேழு பேரும் வீடு திரும்பும் பேருந்தில், ‘குறை என்னுடையதே’ என்று நம்பிக்கொண்டு செல்கிறார்கள். அவ்வீடுகளில் பேச்சுக் குறைகிறது. உறவினர் வரும்போது பிள்ளை உள்ளறைக்குப் போய்விடுகிறது. எண்ணிக்கையின் விளைவு ஒரு மனிதரின் வெட்கமாக மாறிவிடுகிறது. மெய்யாகவே திருத்திக்கொள்ளக்கூடிய குறை எது, தம் கையில் இல்லாத நிலைமை எது என்று பிரித்தறியத் தெரிந்தவர் அவ்வெட்கத்தில் அமிழ்வதில்லை. திருத்த வேண்டியதைத் திருத்திக்கொண்டு அடுத்த வாயிலைத் தட்டுவார். ஆதலால் அவருக்கு ஆராய்ச்சியும் வாழ்வுக்கான துணையே.

அளவுகோலைக் கையில் பிடிப்பவர்

மறுப்புக்கு இன்னொரு விடையும் உண்டு. அதுவே முக்கியமானது என்று கருதுகிறேன். சமூக அறிவியல் கற்றவர்கள் உண்மையில் என்ன வேலைக்குச் செல்கிறார்கள்? கோவையின் அரசு கலைக் கல்லூரியிலும், 1948இல் தோன்றிய நிர்மலா மகளிர் கல்லூரியிலும், 1982இல் தொடங்கிய பாரதியார் பல்கலைக்கழகத்திலும், இவற்றைப் போன்ற பிற இடங்களிலும் படித்து வெளிவருவோருள் பலர் ஆசிரியராகின்றனர், அரசு அலுவலராகின்றனர், தொண்டு நிறுவனங்களில் களப்பணியாளராகின்றனர். ஆலைகளிலும் ஏற்றுமதி நிறுவனங்களிலும் மனிதவள அலுவலர்களாக, நலன் அலுவலர்களாக, தொழிலாளர் நிலையைத் தணிக்கை செய்பவர்களாக அமர்கின்றனர்.

இவ்வேலைகளில் பொதுவாக உள்ளதைக் கவனியுங்கள். இவர்கள் எல்லோரும் பிறருடைய தகுதியை அளப்பவர்கள். யாரை வேலைக்குச் சேர்ப்பது, யாரை நிறுத்துவது, எந்தக் குடும்பத்துக்கு உதவி, எந்தப் பிள்ளை மேலே படிக்கத்தக்கது என்று சொல்லப்போகிறவர்கள். இன்று மேசையின் இப்புறம் நடுங்கும் கைகளோடு அமர்ந்திருக்கும் மாணவி, சில ஆண்டுகளில் மேசையின் அப்புறம் அமர்வாள். அப்போது அவள் எந்த அளவுகோலைக் கையில் எடுப்பாள்?

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 500 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலைகளில் நலன் அலுவலர் இருக்க வேண்டும் என்று விதித்தது. தொழிலாளரின் நலனைக் காப்பவர் என்பது பதவியின் பெயர்; ஊதியம் தருபவரோ ஆலை முதலாளி. விடுதிப் பெண் ஒருத்தி காய்ச்சலோடு இரவுப் பணிக்கு அழைக்கப்படும்போது, நலன் அலுவலர் யாருடைய ஆள்? அந்நேரத்தில் எந்தப் பக்கம் நிற்பது என்பதை நேர்முகத் தேர்வுப் பயிற்சி கற்றுத் தராது. அதை மூன்றாண்டுக் கல்வி கற்றுத் தந்திருக்க வேண்டும். தன்னை அளந்த கோலைப் பற்றி ஒருபோதும் எண்ணிப் பாராதவர், அதே கோலால் பிறரை அளப்பார். எண்ணிப் பார்த்தவர் ஒரு கணமேனும் தயங்குவார். பல வேளைகளில் ஓர் ஏழையின் வாழ்வு அந்த ஒரு கணத் தயக்கத்தில்தான் பிழைத்துக்கொள்கிறது.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

இவையெல்லாம் நல்ல கருத்துகள். செயலுக்கு வருமா என்று கேட்கலாம். பெரும் பொருட்செலவின்றிச் செய்யத்தக்க சில உண்டு.

கோவைப் பதிப்பு நாளிதழ்களின் ‘தேவை’ விளம்பரங்களை மாணவர்கள் மூன்று மாதம் திரட்டலாம். ‘திருமணமாகாதவர்’, ‘ஆண்கள் மட்டும்’, ‘இரு சக்கர வாகனம் உடையவர்’, ‘உள்ளூரைச் சேர்ந்தவர்’ என்பன போன்ற நிபந்தனைகளைப் பட்டியலிட்டு, இவற்றுள் வேலையைச் செய்வதற்கு உண்மையாகவே வேண்டியது எது, வேலை தருபவரின் வசதிக்கும் சார்புக்கும் வேண்டியது எது என்று பிரிக்கலாம். அறிவிப்புப் பலகையில் காலமெல்லாம் பார்த்துக் கடந்துபோன சொற்கள் அன்று பேசத் தொடங்கும்.

தம் துறையில் ஐந்தாண்டு, பத்தாண்டு முன் படித்தவர்களைத் தேடிச் சென்று கேட்கலாம். ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக அழைக்கப்படுபவர்களிடம் மட்டும் கேட்டால் அது ஆய்வாகாது. பெயர் மறந்துபோனவர்கள், திருமணத்தோடு வேலையை விட்ட பெண்கள், பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கும் பட்டதாரிகள் ஆகியோரையும் காண வேண்டும். முதல் வேலை யார் சொல்லிக் கிடைத்தது, எதை விட்டார்கள், ஏன் விட்டார்கள், கல்லூரியில் கற்றதில் எது கைகொடுத்தது என்று கேட்க வேண்டும். சேர்க்கைக் காலத்தில் அந்தத் தந்தை கேட்ட கேள்விக்கு, வண்ணத் துண்டறிக்கையைக் காட்டிலும் நேர்மையான விடை இவ்வாய்வில் இருக்கும். விடை கசப்பாக இருந்தால், அதையும் அவரிடம் சொல்லும் துணிவு கல்லூரிக்கு வேண்டும்.

ஒவ்வொரு மாணவரும் தம் குடும்பத்தின் மூன்று தலைமுறை வேலை வரலாற்றை எழுதலாம். பாட்டி பருத்தி எடுத்தது, தாத்தா ஆலையில் பதிலி ஆளாகக் காத்திருந்தது, தந்தை தறி ஓட்டியது, தாய் பவர் டேபிளில் தைத்தது ஆகிய யாவும் அதில் வரும். யாரால் அடுத்த படிக்கு ஏற முடிந்தது, யாரால் முடியவில்லை, ஏன் என்பதை ஒருவர் எழுதியதோடு மற்றவர் எழுதியதை வைத்துப் பார்க்கும்போது, ஒரே வகுப்பின் வரிசையில் அமர்ந்திருப்பவர்கள் ஒரே தொடக்கக் கோட்டிலிருந்து வரவில்லை என்பது விளங்கும். பிரெண்டா பெக் என்னும் மானிடவியலார் 1960களில் காங்கயம் பகுதியின் ஓர் ஊரில் தங்கிக் கொங்குச் சமூகத்தை ஆராய்ந்து 1972இல் நூலாக வெளியிட்டார். கடல் கடந்து வந்து கற்கத்தக்க செல்வம் இங்கே இருக்கும்போது, இங்கேயே பிறந்த பிள்ளை தன் வீட்டுத் திண்ணையில் அதைக் கற்கத் தடை யாது?

இறுதியாக, பணி நியமன ஆணை ஒன்றை எடுத்து வரி வரியாகப் படித்துக் காட்டலாம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டா, தகுதிகாண் காலம் எவ்வளவு, மூலச் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் நிபந்தனை உண்டா, இடையில் விலகினால் பணம் கட்ட வேண்டுமா என்று பார்க்கப் பழக்குதல் உடனடிப் பயன் தரும் அறிவு. விமரிசனம் வேறு, பிழைப்பு வேறு என்று எண்ணுவோருக்கு இவ்வொரு தாளே விடை. தன்விவரக் குறிப்பு எழுதக் கற்பிக்கும் அதே வாரத்தில், அதே ஆசிரியர் இதையும் கற்பிக்க வேண்டும்.

தகுதி என்னும் சொல்

1981 செப்டம்பரில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் மனித உழைப்பைப் பற்றி ‘லபோரெம் எக்ஸர்சென்ஸ்’ என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். உழைப்பு மனிதருக்காகவே உள்ளது, மனிதர் உழைப்புக்காக அல்ல என்பது அதன் அடிப்படை. அம்மடல் இன்னொரு நுண்ணிய வேறுபாட்டையும் காட்டுகிறது. கூலி கொடுக்கும் நேரடி முதலாளி ஒருவர் இருக்க, வேலையின் நிலைமைகளைத் தொலைவிலிருந்து தீர்மானிக்கும் மறைமுக வேலை அளிப்போரும் உண்டு என்கிறது. அரசு, சட்டங்கள், பன்னாட்டு வணிகம் ஆகிய யாவும் அதில் அடங்கும். திருப்பூரில் ஒரு சட்டையின் கூலி ஐரோப்பியக் கடையின் விலைப் பேரத்தில் தீர்மானமாவதைக் கண்டவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. வேலையற்ற இளைஞரின் முன் ‘நீ தகுதியா?’ என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டெனில், இத்தனை மறைமுக முதலாளிகளையும் நோக்கி ‘நீங்கள் தகுதியா?’ என்று கேட்கும் கடமையும் நமக்கு உண்டு.

இதற்கு நாம் வேற்றிடம் செல்லத் தேவையே இல்லை. நம் மொழியே இதை அறிந்திருக்கிறது. திருக்குறளில் ‘தெரிந்து வினையாடல்’ என்று ஓர் அதிகாரம் உண்டு. ஒரு வேலைக்கு ஏற்றவரை ஆராய்ந்து அமர்த்துவது பற்றிய அதிகாரம் அது. அது யாரை நோக்கிப் பேசுகிறது? வேலை தேடுபவரை நோக்கியன்று. வேலையை ஒப்படைக்கும் ஆட்சியாளரை நோக்கி. ஏற்றவரைக் கண்டறியும் பொறுப்பு வேலை தருபவரின் அறமாக அங்கே வைக்கப்பட்டுள்ளது. இன்னும் வியப்புக்குரியது, ‘நடுவுநிலைமை’ அதிகாரத்தின் முதற்குறளிலேயே ‘தகுதி’ என்னும் சொல் வருவது. அங்கே அதற்குப் பொருள் திறமை அன்று, சான்றிதழ் அன்று, நடுவுநிலைமை என்னும் அறமே. பரிமேலழகரும் அவ்வாறே உரை கண்டார்.

ஆக, தகுதி என்பது முதலில் அளக்கப்படுபவரிடம் இருக்க வேண்டிய பண்பு மட்டுமன்று. அளப்பவரிடமும், அளவுகோலிடமும் இருக்க வேண்டிய பண்பு. சமூக அறிவியல் மாணவருக்கு இவ்விரண்டையும் ஒருசேரக் கற்பிக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். உலகம் கேட்கும் தகுதியைப் பெற்று அவர் தம் வீட்டுக்குச் சோறு கொண்டுபோக வேண்டும். அவ்வுலகம் தகுதியோடு நடக்கிறதா என்று கேட்கும் குரலையும் அவர் இழந்துவிடக் கூடாது. இனி ஒரு தந்தை வாசலில் நின்று, இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்கும்போது, கிடைக்கக்கூடிய வேலைகளை மறைக்காமல் சொல்வோம். கிடைக்காமலும் போகலாம் என்பதையும் சொல்வோம். அவ்வாறு கிடைக்காவிட்டால் அது உங்கள் பிள்ளையின் குற்றம் மட்டுமன்று என்பதையும், கிடைத்தபின் பிறர் பிள்ளையைத் தாழ்த்தி அளக்காத மனிதராக அவர் இருக்க நாங்கள் முயல்வோம் என்பதையும் சேர்த்துச் சொல்வோம்.